புளியங்கொட்டைக்குப் படித்த பெண்

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு நாயைப் பற்றிப் பாடம் இருந்தது. ரஷ்யாக்காரர் ஒருவர் நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் மணி அடித்தாராம். கொஞ்ச நாளில் சோறே இல்லாமல் மணி மட்டும் அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறியதாம். அடுத்த பாடத்தில் ஒரு எலி. பெட்டிக்குள் அடைத்த எலி தெரியாத்தனமாக ஒரு கட்டையை அழுத்துகிறது, தீனி விழுகிறது, அப்புறம் வேண்டுமென்றே அழுத்துகிறது. தூண்டல், துலங்கல், வலுவூட்டல், ஆக்கநிலையுறுத்தல் என்று வாயில் நுழையாத சொற்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கிவிட்டு வந்தோம். தண்டனை ஒரு பழக்கத்தை அடக்கி வைக்குமே தவிர அழிக்காது என்று நானே பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு புளிய விளாரை ஒடித்து மேசை மேல் வைத்துக்கொண்டேன்.

இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். புத்தகம் பரீட்சைக்கு, விளார் வகுப்புக்கு.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம்தான் எனக்கு வேலை கிடைத்தது. அடி அண்ணாமலைப் பக்கம், மலை சுற்றும் பாதையை ஒட்டி ஒரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பு என்னுடையது. வீட்டுக்காரருக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. அதனால் வேங்கிக்காலில் குடியிருந்தோம். ஒரே பெண். காலையில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் வீட்டில் ஆள் கிடையாது. ஆகவே பள்ளி வயது வந்ததும் பெண்ணையும் என்னோடு அழைத்துப் போய் என் பள்ளியிலேயே சேர்த்தேன். பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்ததும் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். டீச்சர் பெண் என்று யாரும் அவளுக்குச் சலுகை காட்டக் கூடாது. அவளும் அப்படியே இருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், மற்ற பிள்ளைகளோடு கலந்து கிடந்தாள்.

அவளுக்குக் கணக்கு வரவில்லை. வாய்ப்பாடு ஏழுக்கு மேல் ஏறவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார வைத்துச் சொல்லச் சொல்வேன். தப்பு விட்டால் தொடையில் கிள்ளுவேன். ஏழு என்று நான் ஆரம்பித்தாலே தொடை இரண்டையும் பாவாடையால் இறுக்கிப் பொத்திக்கொள்வாள். வாய்ப்பாடு மட்டும் வராது.

அவள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் அந்த வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். வந்தவாசிப் பக்கத்துக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். ஒல்லியாக, வாயல் புடவை கட்டிக்கொண்டு, கையில் வாட்ச் தவிர ஒன்றும் இல்லாமல் வந்தாள். வந்த அன்றே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். எனக்கு அவளை அன்றைக்கே பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தனை வருஷம் கழித்தும் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் சொல்கிறேன்.

அவள் விளார் ஒடிக்கவில்லை. மேசை மேல் ஒரு தகர டப்பா வைத்தாள். அதில் நிறைய புளியங்கொட்டை. கணக்கைச் சரியாகப் போட்டால் ஒரு கொட்டை. நேற்று பத்து எழுத்து தப்பாக எழுதினவன் இன்றைக்கு எட்டு தப்பு விட்டால் அவனுக்கும் ஒரு கொட்டை. அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. எட்டு தப்புக்குப் பரிசா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரிடம் கொட்டை ஜாஸ்தியோ அவர்கள் அடுத்த வாரம் எந்த பெஞ்சில் வேண்டுமானாலும் உட்காரலாம். அவ்வளவுதான். மிட்டாய் இல்லை, பென்சில் இல்லை. அந்த ஒன்றுமில்லாத கொட்டைக்காகப் பிள்ளைகள் நாய் மாதிரி அலைந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது நான் சாடையாகக் கேட்டேன், தினமும் எல்லாருக்கும் வாரிக் கொடுத்தால் டப்பா காலியாகிவிடாதா என்று. அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"மொதல்லதான்க்கா எல்லாத்துக்கும் குடுக்கணும். அப்புறம் கம்மி பண்ணிடுவேன். ஒருவாட்டி குடுப்பேன், ரெண்டுவாட்டி குடுக்க மாட்டேன். எப்ப வரும்னு தெரியக் கூடாது. அப்பதான் விடாமப் பண்ணுங்க. நீங்களும் படிச்சிருப்பீங்களே."

படித்திருக்கிறேன். விட்டு விட்டு வலுவூட்டல் என்று பெயர். அதற்கு எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருந்தது. வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு வாங்குவார். எப்போதோ ஒரு தடவை சின்னதாக விழுந்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்காக விழவே இல்லை, அவரும் நிறுத்தவே இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்ததை எடுத்து வகுப்பில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. என் வயிற்றெரிச்சலின் பாதி இதுதான்.

மீதிப் பாதி என் பெண்.

ஆடி மாதம் ஒருநாள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் தனியாக உட்கார்ந்து அவள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. எட்டிப் பார்த்தேன். எட்டாம் வாய்ப்பாடு. நான் சொல்லச் சொல்லவில்லை. கிள்ளவில்லை. சுவரைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, எட்டேழு அம்பத்தாறு என்கிறாள். என்னடி என்று கேட்டதும் நிறுத்திவிட்டாள். தொடை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று சொல்வீர்கள். சொல்வது சுலபம். இரண்டு வருஷம் நான் முட்டி மோதியும் வராதது, எங்கிருந்தோ வந்தவள் ஒரு கொட்டையைக் காட்டியதும் வந்துவிட்டது. அதுவும் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்த எட்டாம் வாய்ப்பாட்டை அவள் எனக்கு ஒப்பிக்கவே இல்லை. அந்த டீச்சருக்குத்தான் ஒப்பித்தாள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பு காலியாக இருக்கும். மலை சுற்ற வரும் கூட்டத்துக்குப் பாதி வீடுகள் வழியில் கடை போடும். மோர், சுக்குக் காபி, சுண்டல், கற்பூரம். பிள்ளைகள் இராத்திரி முழுக்கக் கூடவே நின்றுவிட்டு மறுநாள் வீட்டில் தூங்கும். வந்ததுகளும் பெஞ்சில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அதற்கு அடுத்த நாள் வராதவர்களை நிற்க வைத்து அடிப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு மாதமும் அடிப்போம், ஒவ்வொரு மாதமும் வர மாட்டார்கள். புது டீச்சர் வந்த பிறகு, பௌர்ணமிக்கு மறுநாள் வருகிறவர்களுக்கு வந்ததற்கே ஒரு கை நிறையக் கொட்டை என்றாள். மூன்றாம் வகுப்பு நிறைந்தது. கண்ணெல்லாம் சிவந்து, தலை சீவாமல், சுண்டல் வாசனையோடு வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவள் பாடமே நடத்த மாட்டாள், கதை சொல்வாள், தூங்குகிறவனைத் தூங்கவும் விடுவாள். என் வகுப்பில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். தலைமையாசிரியர் வராந்தாவில் வந்து நின்று, முதலில் அந்த வகுப்பைப் பார்ப்பார், அப்புறம் என் வகுப்பைப் பார்ப்பார். அப்படியே திரும்பிப் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை.

அவள் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தாள். அதை நான் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன், சொல்லவில்லை. அவள் வந்தவாசி டவுனில் வளர்ந்தவள். புளி அவளுக்குக் கடையில் பொட்டலமாக வரும் பொருள். எங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்கு அது மாசியில் வண்டி வண்டியாக வரும். மரம் குத்தகை எடுத்தவர்கள் உலுக்கி, வீட்டுக்கு வீடு கொட்டிவிட்டுப் போவார்கள். பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து ஓட்டை உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். அந்த இரண்டு மாதமும் ஊரில் எங்கே கால் வைத்தாலும் புளியங்கொட்டைதான்.

மாசி பிறக்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.

பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் உரப்பை நிறையக் கொட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். இவ்வளவும் அவன் கணக்குப் போட்டுச் சம்பாதித்ததாம். அவன் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் மஞ்சள் பையோடும் தூக்குச்சட்டியோடும் வந்தார்கள். நான் என் வகுப்பைப் பாடம் எழுதச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து தூணோரம் நின்றேன். இன்றைக்கு இவள் கை ஓங்குவாள், ஓங்காமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லாவற்றையும் தரையில் கொட்டச் சொன்னாள். "எவ்ளோ இருக்குனு எண்ணாமலே சொல்லணும். யார் கிட்டத்துல சொல்றாங்கனு பாக்கலாம்" என்றாள். அன்று முழுவதும் பத்துப் பத்தாக, நூறு நூறாகக் கூட்டி வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை ஒரே கூச்சல். பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் ஆயிரம் என்றால் எவ்வளவு பெரியது என்று தெரிந்ததாம். தலைமையாசிரியர் சொன்னார். என்னிடமே சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து கொட்டை கிடையாது. அதற்குப் பதில் அவள் தேர்ந்தெடுத்தது என் மணியை.

எங்கள் பள்ளி மணி வேப்பமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். மரம் என் வகுப்புக்கு நேர் எதிரே இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து யார் அடிப்பது என்று முடிவு செய்வது நான்தான். அவள் தலைமையாசிரியரிடம் போய், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மணி அடிக்கிற வாய்ப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. அப்புறம் வந்து, "கோச்சுக்காதீங்கக்கா, உங்க கிளாஸ் பசங்களுக்கும் தரேன்" என்றாள். என் மணியை எனக்கே பங்கு போட்டுத் தருகிறாள். நான் உள்ளே போய்விட்டேன். அடுத்த திங்கட்கிழமையன்று முதல் மணியை அடித்தது என் பெண். கம்பியைத் தூக்க முடியாமல் தூக்கி, அடித்துவிட்டு, திரும்பினாள். நான் எதிரிலேயே நின்றிருந்தேன். அவள் பார்த்தது என்னைத் தாண்டி, மூன்றாம் வகுப்பு வாசலை.

நானும் விட்டுவிடவில்லை. தேரடித் தெருவில் ஒரு கடையில் மினுமினுக்கும் நட்சத்திர ஒட்டு விற்றார்கள், வாங்கி வந்தேன். வீட்டில் ஒரு கணக்குச் சரியாகப் போட்டால் ஒரு நட்சத்திரம். கிள்ளுவதை அடியோடு விட்டேன். புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்தப் பாடத்தை மறுபடியும் படித்தேன். பாராட்டு உடனே வர வேண்டும், எதற்காக என்று சொல்ல வேண்டும், முகம் மலர்ந்திருக்க வேண்டும். எல்லாம் செய்தேன். அவள் நட்சத்திரத்தை வாங்கி அலமாரி மேல் ஒட்டாமலே வைத்துவிடுவாள். ஒருநாள் கேட்டேன்.

"டீச்சர் குடுத்தா மட்டும் பல்ல இளிக்கிற. நான் குடுத்தா கசக்குதா?"

அவள் கையில் இருந்த நட்சத்திரத்தை அலமாரி மேல் வைத்தாள். பிறகு சொன்னாள், "நீ குடுக்குறப்போ பயமா கீதும்மா."

எட்டு வயதுப் பெண் சொன்னது. ரஷ்யாக்காரரின் நாய் மணிக்கு எச்சில் விட்டது. என் பெண் என் கைக்குத் தொடையைப் பொத்தினாள். அந்தக் கையில் விளார் இருந்தாலும் நட்சத்திரம் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். புத்தகத்தில் இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. பெயரைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய? பிள்ளையைத் திருத்த வேண்டும் என்று நினைக்காமல் எந்தத் தாய் கிள்ளினாள்? கிள்ளினது எல்லாம் என் கணக்கில், பெருக்கினது எல்லாம் அந்த டீச்சர் கணக்கில். அன்றைக்கு எனக்குக் கோபம் என் பெண் மேல் இல்லை. அவள் மேல்தான்.

என் பெண் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே அந்த டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டாள். வழியனுப்பு நாளில் பிள்ளைகள் எல்லாம் அழுதார்கள். என் பெண் அழவில்லை, இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் மனசுக்குள் ஒன்று நினைத்துக்கொண்டேன். தீனி விழுவது நின்றால் எலி கட்டையை அழுத்துவதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. விட்டு விட்டுக் கொடுத்தது என்றால் நேரமாகும், ஆனால் நிற்கும். நிற்கட்டும். கணக்கு நின்றுபோய் என்னிடம் வரட்டும், நான் சொல்லித் தருகிறேன். அந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு சொல்லித் தருகிறேன்.

நிற்கவில்லை. டவுனில் பெண்கள் பள்ளிக்குப் போனாள், கணக்கில் முதலாக வந்தாள். கொட்டை இல்லை, மணி இல்லை, பாராட்டக்கூட யாரும் இல்லை, தன்பாட்டுக்கு உட்கார்ந்து போடுகிறாள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, எதிலும் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று எந்தப் பாடத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. சாப்பிட்டியா, பஸ் கிடைத்ததா, பணம் இருக்கிறதா, இவ்வளவுதான் பேச்சு. கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு சேர்ந்தபோதும் அப்படித்தான்.

அப்போதுதான் பள்ளிகளில் அட்டை வைத்துக் கற்பிக்கும் புதுமுறை வந்தது. பிள்ளை தானே அட்டையை எடுத்து, தன் வேகத்தில், சின்னச் சின்னப் படியாக ஏறிப் போக வேண்டும், ஒவ்வொரு படியிலும் சரியா தப்பா என்று அப்போதே தெரிய வேண்டும். எங்களுக்கெல்லாம் டவுனில் சில நாள் பயிற்சி வைத்தார்கள். போய் உட்கார்ந்தால், அந்த வந்தவாசி டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள்தான் பயிற்சி நடத்தும் கருத்தாளர். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி வந்திருந்தது. நான் பெஞ்சில், அவள் மேடையில். இருபது வருஷத்தை நெருங்குகிற என் சர்வீஸுக்கு அவள் விளாரைக் கீழே போடச் சொல்லிப் பாடம் எடுக்கிறாள். டீ நேரத்தில் ஓடி வந்து "அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பெண்ணிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னக் கேட்டாங்களா?"

"மொத நாள்தானே. கூட்டம். நாளைக்கு நானே சொல்றேன்."

"நீ சொல்லாதம்மா. அவங்களா கேக்குறாங்களானு பாரு."

மறுநாள் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. டீச்சர் பழைய தலைமையாசிரியரைப் பற்றிக் கேட்டாள், இறந்துவிட்டார் என்றேன். உரப்பையில் கொட்டை தூக்கி வந்த பையனைக் கேட்டாள், ஆட்டோ ஓட்டுகிறான் என்றேன். வேப்பமரம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். கேட்கவே கூடாது என்று ஒரு மனசு, கேட்டுத் தொலையேன் என்று ஒரு மனசு. கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நின்றாள்.

"உங்க பையன் இன்னா பண்றான்க்கா? அப்ப சின்னவனா இருந்தான் இல்ல?"

"பொண்ணு" என்றேன்.

"அட, ஆமாம் இல்ல" என்று சிரித்தாள். நினைவு வராதவர்கள் சிரிக்கிற சிரிப்பு. நல்லா இருக்கட்டும் என்றாள். வந்தவாசி பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

இத்தனை வருஷமாக நான் கேட்ட வரம் அது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் வரும்வரை அதையே மென்றுகொண்டு வந்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதுதான். உன் டீச்சருக்கு உன்னைத் தெரியாதுடி, நீ ஆணா பெண்ணா என்றே தெரியாதுடி என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. எப்படி மறப்பாள்? யார் யாரையோ நினைவு வைத்திருக்கிறாள், என் பெண்ணை மறக்க அவளுக்கு என்ன கேடு?

பெண் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ சொன்னியா?"

"நான் வாயே தொறக்கல. அவங்களாதான் கேட்டாங்க. பின்னாடி பெஞ்சுல உக்காரும், பேசவே பேசாது, அந்தப் பொண்ணு இன்னா பண்ணுதுனு கேட்டாங்க. கணக்கு படிக்குதுனு சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும்னாங்க."

அவள் முகம் விரிந்தது. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நான் சேலைகூட மாற்றவில்லை, வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், தோள் இடிக்கிற மாதிரி. உட்கார்ந்து பேசினாள். இருட்டும்வரை பேசினாள். என்னிடம் அவள் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. டீச்சர் கதை சொன்னது, டீச்சர் வாட்சைக் கழற்றிக் கொடுத்து மணி பார்க்கக் கற்றுக் கொடுத்தது, டீச்சர் இவளைப் பார்த்துக் கண்ணடித்தது. எல்லாம் அவளைப் பற்றித்தான். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. எழுந்து போனால் பேச்சு நின்றுவிடும் என்று உட்கார்ந்தே இருந்தேன்.